கண்ணாடியைக் கழற்றிக் கேட்டவர்

அரசாங்கத்தின் மருந்துக் கொள்கையை மாற்றிவிட்டேன் என்கிற பூரிப்பில், அஸ்தினாபுரத்தில் எங்கள் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தவன் நான். எதற்கு என்று கேட்டவர்களிடம், "பேப்பர்ல வரும், பாருங்க" என்றேன். எதிர்வீட்டு அம்மாள் என் பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். அந்தக் கண்ணீரை வீணாக்க வேண்டாமென்று நாங்களும் மறுக்கவில்லை.

கொள்கை மாறியது உண்மை. அதில் எனக்குப் பங்கு இருந்ததும் உண்மை. எந்தப் பக்கமாக மாறியது என்று விசாரிக்காமல் இனிப்புக் கடைக்குப் போனதுதான் பிசகு.

அந்தக் கொள்கையை வரைந்தவர் எங்கள் தெருக்காரர். பெயர் வேண்டாம். பெயர் சொல்லும் அளவுக்கு அவர் கெட்டவர் இல்லை. சொல்லாமல் விடும் அளவுக்கு நல்லவரா என்றுதான் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. தெருவில் எல்லோருக்கும் 'சார்'. தலைமைச் செயலகத்தில் சுகாதாரம் தொடர்பான பிரிவில் அதிகாரி. ஆனால் அதிகாரி என்று நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிறவர் இல்லை. காலையில் சாப்பாட்டுப் பையோடு குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறுவார். கோட்டை ஸ்டேஷனில் இறங்குவார். மாலையில் அதே பை, கொஞ்சம் இலேசாகி, திரும்பி வரும்.

அவரிடம் ஒரே ஒரு விசேஷம்தான். அவர் கேட்பார். கேள்வி கேட்பதைச் சொல்லவில்லை. காது கொடுத்துக் கேட்பதைச் சொல்கிறேன். நீங்கள் ஏதோ சொல்ல ஆரம்பித்தால் நடந்துகொண்டிருப்பவர் நின்றுவிடுவார். கண்ணாடியைக் கழற்றி, கோழிக்குஞ்சைப் பிடிப்பது போல இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொள்வார். தலை இலேசாகச் சாயும். நீங்கள் முடித்ததும் உங்கள் கடைசி வார்த்தையை மட்டும் எடுத்து, ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டு உங்களிடமே திருப்பிக் கொடுப்பார்.

"தண்ணி வரலையா?"

"மாடியிலயா?"

அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குறியில் கால் வைத்தவர் வழுக்கிக்கொண்டு எங்கோ போய்விடுவார். என் மனைவி ஒருமுறை அவரிடம் கேஸ் சிலிண்டர் தாமதமாவது பற்றிப் பேச ஆரம்பித்து, எங்கள் கல்யாணப் பந்தியில் என் பெரியப்பா நடந்துகொண்ட விதம் வரைக்கும் சொல்லிவிட்டு வந்தாள். "என்னமா கேக்கறார் அந்த மனுஷன்" என்று அன்று முழுக்க எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூங்கா வாட்ச்மேனும் அவரிடம் மனம் விட்டுப் பேசியவர்தான். காலை நடைக்குப் போகும்போது நானும் கூட இருந்தேன்.

"எங்க வூட்டாண்ட தண்ணியே வர்றதில்ல சார். வேல முடிஞ்சி போறப்போ இந்தக் கொயால ரெண்டு கொடம் புட்ச்சிகினு பூடுவேன்."

"குழாய்லயா?"

"ஆமா சார், செடிக்கு வுட்ற கொயாதான். இத்த இன்னா, ஆராவது கேக்கப் போறாங்களா?"

அடுத்த வாரம் அந்தக் குழாய்க்குப் பூட்டு வந்தது. அந்தத் தீபாவளிக்கு சார் வாட்ச்மேனுக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தார். வாட்ச்மேன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவரிடமே பூட்டைப் பற்றி முறையிட்டார். சார் நின்றார், கண்ணாடியைக் கழற்றினார், "பூட்டா?" என்றார்.

நான் இதை வேடிக்கையாகத்தான் பார்த்தேன். நான் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். படிக்கிறவர்கள் அதைக் கட்டுரை என்று மட்டும் சொல்வார்கள். வேடிக்கை என் தலையில் விழுந்தால்தான் அது வேடிக்கை இல்லை என்று தெரியும் ஜாதி.

நடக்கும்போது சார் தன் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்வார். அந்தச் சமயம் வீரியமான வலி மாத்திரைகளைப் பற்றி ஒரு விதிமுறை தயாராகிக்கொண்டிருந்தது. புற்றுநோய்க்காரர்கள் வலிக்குச் சாப்பிடும் மாத்திரைகளைச் சில பையன்கள் போதைக்காக வாங்குகிறார்கள் என்று செய்தி மேல் செய்தி வந்து, அரசாங்கம் விழித்துக்கொண்டிருந்தது.

"மீட்டிங் போட்டா எல்லாரும் வருவாங்க சார்" என்றார். "போலீஸ் தரப்புல கடைக்குக் கடை கேமரா வேணும்பாங்க. வியாபாரிங்க சங்கம் டைம் வேணும்பாங்க. டாக்டர்ங்க, தப்பு எங்க லெவல்ல இல்லேம்பாங்க. எல்லார் கருத்தையும் பதிவு பண்ணிப்போம். சமோசா சாப்பிடுவோம். வரைவு எப்படி வந்துச்சோ அப்படியே எழுந்து போயிடும்."

"அப்புறம் எப்படித்தான் மாறும்?"

"களத்துலேருந்து ஏதாவது வரணும் சார். நிஜமான ஒரு ஆள் சொன்னது. பாலிசின்னா மேலேருந்து வர்றதுன்னு நெனைக்கறாங்க. அது கீழேருந்து வரணும்."

நிஜமான ஆள் ஒருத்தி என்னிடம் இருந்தாள்.

என் அக்கா தாம்பரத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பெருங்களத்தூரில் புதிதாக வந்த அடுக்குமாடி ஒன்றில், அவளும் அவள் கணவரும். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அக்காவுக்குப் புற்றுநோய் எலும்பு வரைக்கும் போய்விட்டது. இனி வைத்தியம் வலிக்கு மட்டும்தான் என்று நகரத்திலிருந்த பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாத்திரைக்குச் சீட்டு எழுதுவது அங்கேதான். மாமா ரயிலும் பஸ்ஸுமாகப் போய் வரிசையில் நின்று வாங்கி வருவார். டாக்டர் இல்லையென்றாலோ, விடுமுறை குறுக்கே வந்தாலோ, மாத்திரை முதலில் தீர்ந்துவிடும், சீட்டு பிறகு வரும். இந்த இடைவெளிதான் அக்காவின் நரகம். சாகப் போவதைப் பற்றி அவளுக்குப் புகார் இல்லை. இந்த இடைவெளி வரக்கூடாது என்பது மட்டும்தான் அவள் கேட்டது.

நான் சாரை அழைத்துக்கொண்டு போனேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு வருகிறவர்களைப் பிடிக்காது. வருகிறவர்கள் எல்லோரும் 'பாசிட்டிவா இருங்க' என்று சொல்லிவிட்டு ஆரஞ்சு வைத்துவிட்டுப் போவார்கள். சார் எதுவும் சொல்லவில்லை. நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

அக்கா அன்று பேசியதைப் போல நான் கேட்டதே இல்லை.

"வலி எப்படி வரும்னு கேட்டா சொல்லத் தெரியாது சார். பண்டிகைக்கு முந்தின நாள் இங்க கீழ ரோட்டுல பஸ்ஸுக்குக் கூட்டம் சேரும், பாத்திருப்பீங்க. மொதல்ல ஒருத்தர் ரெண்டு பேர் பையோட நிப்பாங்க. சரி, போயிடுவாங்கன்னு தோணும். கொஞ்ச நேரத்துல பாத்தா ரோடே தெரியாது."

"தெரியாதா?"

"தெரியாது. மாத்திரை போட்டா ஒவ்வொருத்தரா பஸ் ஏறிப் போயிடுவாங்க. ரோடு தெரியும். அப்ப இவர்கூட ரெண்டு வார்த்த பேசலாம்."

"மாத்திரை தீந்துட்டா?"

"தீராது சார். கீழ மெடிக்கல்ல ஒரு தம்பி இருக்கார், அவர் பாத்துக்கறார்."

"பாத்துக்கறாரா?"

"சீட்டு அப்புறமா குடுங்கம்மான்னு ஒரு அட்டை குடுத்துடுவார். எல்லாருக்கும் இல்ல, தெரிஞ்சவங்களுக்கு மட்டும். ஆஸ்பத்திரிலேருந்து சீட்டு வந்ததும் இவர் கொண்டு போய்க் காட்டிடுவார். அந்தத் தம்பி இல்லேன்னா எங்க கதி என்னன்னே தெரியாது."

சமையலறை வாசலில் நின்றிருந்த மாமா இருமினார். எனக்கு அது இருமலாகத்தான் கேட்டது.

சார் கிளம்பிய பிறகு அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உருப்படியா ஒரு காரியம் செஞ்சிருக்கேடா." பிறந்ததிலிருந்து அவளிடம் நான் வாங்கிய ஒரே பாராட்டு. அதனால்தான் மைசூர்பாகு விஷயத்தில் அப்படி அவசரப்பட்டேன் என்று நினைக்கிறேன்.

சில மாதம் கழித்து ஒரு காலை நடையில் சார் என்னை ஓடிவந்து பிடித்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"சார், உங்க அக்கா சொன்னது நாலாவது பாராவா வந்துடுச்சு. மேல வரைக்கும் போய் ஓகே ஆயிடுச்சு. அந்த ஒரு பாராதான் சார் மொத்த வரைவையே மாத்திச்சு."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாரா என்ன சொல்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. சாருக்கும் இனிப்பு கொடுத்தேன். இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

பாரா என்ன சொல்லியது என்பதை எனக்குச் சொன்னவர் பெருங்களத்தூர் மெடிக்கல்காரர். அக்கா வீட்டில் மாத்திரை தீர்ந்து, மாமாவுக்குக் காய்ச்சல் என்பதால் நான் போயிருந்தேன்.

"இல்லண்ணா."

"நாளைக்கு வருமா?"

"இனிமே வராதுண்ணா. வெக்கறதில்ல." குரலைத் தாழ்த்தினார். "பேஜாரா பூட்ச்சு. புது ரூலு வந்துகீது. சீட்டோட ஒரிஜினல் காட்டணும், ஜெராக்ஸ் எடுத்து வெக்கணும், பேஷண்டோட ஆதாரு, கேமரா, மாசாமாசம் ஸ்டேசனுக்கு ஒரு கணக்கு, ஆபீசுக்கு ஒரு கணக்கு. இந்த லைன்ல எல்லாக் கடையும் செக் பண்ட்டு போனாங்க. மாத்திர வெச்சாத்தான் இத்தினி ரூலு. வெக்காம வுட்டா ஒரு ரூலும் கெடயாது. எல்லாரும் எறக்கி வெச்சிட்டோம்."

"சாப்பிடறவங்க என்ன பண்ணுவாங்க?"

"அத்தான் நானும் கேட்டேன். வந்த ஆபீசரு ஒண்ணு சொன்னாருண்ணா. பொறநகர் கடைங்கள்ல தெரிஞ்சவங்களுக்கு மட்டும் சீட்டில்லாம குடுத்துட்டு அப்பால வாங்கிக்கறாங்களாம், அந்த ஓட்டைய அடைக்கத்தான் இந்த ரூலாம். யாரோ போட்டுக் குடுத்துகீறாங்க. போதைக்கு வாங்கற பசங்க எந்நாளும் என் கடைப்பக்கம் வந்ததில்லண்ணா, அவனுங்களுக்குக் கூரியர்ல வருது. யாருண்ணா இப்டி சொல்லியிருப்பா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் எனக்கு ஆறுதலாக ஒரு இருமல் மிட்டாய் கொடுத்தார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் அதே பதில். மாத்திரை விற்பனை குறைய வேண்டும் என்பதுதான் கொள்கையின் நோக்கம் என்றால், இவ்வளவு வெற்றி பெற்ற ஒரு கொள்கையை நான் பார்த்ததில்லை.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன். அவசியமே இருக்கவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் விடை போட்டுவிட்டாள்.

"தெரிஞ்சவங்களுக்கு மட்டும்னு நான்தான் சொன்னேன். என் வாய்லேருந்து வந்த வார்த்தை அது" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்தத் தம்பியத்தான் நான் காட்டிக் குடுத்திருக்கேன், இல்ல? நல்ல மனுஷன்னு புகழ்ந்து வேற."

அந்த முறை இடைவெளி நீண்டுவிட்டது. மாமா காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். நோயாளியை நேரில் கூட்டி வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அக்கா வாயில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்து ஃப்ளாட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பெண் இருக்கிறாள், அவளுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாதாம். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்தவள். நான் வராந்தாவில் போய் நின்றுகொண்டேன். கீழே பஸ்ஸுக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு வழி பிறந்தது. அக்காவின் படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்ற ஒரு நர்ஸ் பெண் வரும். இந்தப் பக்கத்தில் அதுபோல இன்னும் சில வீடுகளுக்கு அது போவதுண்டு. அந்த வீடுகளில் யாராவது காலமானால், குடும்பத்தார் மிச்ச மாத்திரைகளை என்ன செய்வது என்று தெரியாமல் அதன் கையில் கொடுப்பார்கள். அது வலியோடு இருக்கும் அடுத்தவருக்குக் கொண்டு போய்க் கொடுக்கும். சட்டப்படி குற்றம்தான். அது தெரிந்துதான் செய்தது. வேலை போய்விடும் என்பதும் அதற்குத் தெரியும்.

அக்காவுக்குப் பழைய கிண்டல் திரும்பியது. "இது பல்லாவரத்துத் தாத்தாவோடது. நேத்து போட்டுக்கிட்டது செம்பாக்கத்து அம்மாவோடது. அந்தம்மா சட்டுன்னு போயிருப்பாங்க போல, நெறைய மிச்சம் வெச்சிருக்காங்க" என்பாள். மாமாவோடு சீட்டாடுகிற அளவுக்கு ரோடு தெரிந்தது.

அக்கா இப்போது இல்லை. சார் ஓய்வு பெற்று, சிறுசேரிப் பக்கம் மகனுடைய ஃப்ளாட்டுக்குக் குடிபோய்விட்டார். அக்கா போனபோது அவ்வளவு தூரத்திலிருந்து வந்தார். மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தார், கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மாமா "வாங்க" என்றார். வெகு நேரம் கழித்து "போயிட்டு வாங்க" என்றார். இரண்டுக்கும் நடுவில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அந்த மனிதரை வென்ற ஒரே ஆள் என் மாமாதான்.

நான் வென்றதாக நினைத்த ஒரு மாலையும் உண்டு. அந்த நர்ஸ் பெண் வர ஆரம்பித்து, அக்கா தேறியிருந்த சமயம். அவள் தேறியதும் எனக்குக் கோபத்துக்கு நேரம் கிடைத்தது. நேராக சார் வீட்டுக்குப் போனேன். தெருவில் நடக்கும்போதே வசனங்களைச் செதுக்கிக்கொண்டு போனேன். அவர் மனைவி காபி கொடுத்தார். கோபமாக வந்தவன் காபி குடிக்கலாமா என்று தெரியாமல், பாதி குடித்துவிட்டு ஆரம்பித்தேன்.

"நாங்க நம்பித்தானே சார் உங்ககிட்ட சொன்னோம்?"

"உங்க அக்கா பேரோ, அந்தக் கடை பேரோ எங்கயும் வராம பாத்துக்கிட்டேன் சார்" என்றார். உண்மையாகவே அதைப் பெரிய உபகாரமாக நினைத்தார். முகத்தில் ஒரு குறுகுறுப்பும் இல்லை. அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"பேர் எதுக்கு சார்? ஒரு கடையிலயும் மாத்திரை இல்ல. எங்க அக்கா வாயில துண்டக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தா."

சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"துண்டா?"

"துண்டுதான். பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு. படிச்சு வேலைக்குப் போன பொம்பள சார் அவ."

"இப்பவுமா?"

"இப்பக் கொஞ்சம் பரவால்ல. அது உங்க கவர்மென்ட் புண்ணியம் இல்ல. செத்துப்போனவங்க புண்ணியம்."

"செத்துப்போனவங்களா?"

"ஆமா சார். செத்தவங்க வீட்ல மிஞ்சினத வாங்கி, உசிரோட இருக்கறவங்களுக்கு ஒரு பொண்ணு கொண்டு வந்து குடுக்குது. அதுக்கு இருக்கற மனசு உங்க கோட்டைல ஒருத்தருக்கும் இல்ல."

"பொண்ணா?"

"சாதாரண நர்ஸ் சார். குரோம்பேட்டைல ஒரு சின்ன கிளினிக்."

"கிளினிக்லயா?"

"ரயில்வே கேட் பக்கம். அந்தப் பொண்ணு கால்ல விழணும் சார் நீங்க எல்லாரும்."

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நீங்க சொன்னது ரொம்ப முக்கியமான விஷயம் சார். இந்தக் கோணத்துல நாங்க யோசிக்கவே இல்ல" என்றார். வாசல் கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

நான் அப்படியே ரயிலேறிப் பெருங்களத்தூருக்குப் போனேன். அக்காவும் மாமாவும் கட்டிலில் சீட்டை விரித்து வைத்திருந்தார்கள்.

"நல்லாக் குடுத்துட்டு வந்தேன்" என்றேன். "அந்த ஆளால ஒரு வார்த்தை பதில் பேச முடியல. அப்படியே உட்கார்ந்திருந்தார்."

அக்கா கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"கண்ணாடியக் கழட்டினாரா?"



"கழட்டினார்."

அக்கா என்னைத் திட்டவில்லை. மாமாவைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணுக்கு ஃபோன் போடுங்க. கையில இருக்கறத எல்லாம் இன்னிக்கே அப்புறப்படுத்தச் சொல்லுங்க. இனிமே இங்க கட்டு மாத்த மட்டும் வந்தாப் போதும்னு சொல்லுங்க."

"உனக்கு?"

"எனக்கு ரோடு தெரியாது. அவ்ளோதானே? போடுங்க."

மாமா ஃபோனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் தலையாட்டுவது தெரிந்தது. அக்கா சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் மேசையிலிருந்த ஆரஞ்சு ஒன்றை உரிக்க ஆரம்பித்தேன். ஏதாவது செய்ய வேண்டும்.

மாமா வந்து உட்கார்ந்தார்.

"என்ன சொல்லுச்சு?" என்றாள் அக்கா.

மாமா என்னைப் பார்த்தார், சொல்லலாமா என்பது போல. பிறகு சொன்னார்.

"'உங்க மச்சான் எழுதறவர்னு சொன்னீங்களே, அதோட நிறுத்திக்கக் கூடாதா'ன்னு கேக்குது."